தொண்ணூறு சென்டிமீட்டர் கதவு

ராயினா முதலில் காகிதத்தில்தான் வெட்டினாள். முப்பத்தொரு வருடம் காப்ரொவோ ஊரின் துணி ஆலையில் கட்டிங் பிரிவில் நின்றவள். துணியில் கத்தரி வைக்கும் முன் காகிதத்தில் பேட்டர்ன் வெட்டி, மேசைமேல் இப்படியும் அப்படியும் திருப்பிப் போட்டு, எந்த வரிசையில் வைத்தால் துண்டு வீணாகாது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. தெருவில் பொறுக்கிச் சேர்த்த பழைய ஜன்னல்களையும் அவளால் வேறு விதமாகப் பார்க்க முடியவில்லை. மொத்தம் பதினான்கு ஜன்னல், ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு இல்லை. ஒவ்வொன்றின் அளவுக்கும் செய்தித்தாளை ஒட்டி வெட்டி, மூலையில் எண் போட்டு, தோட்டத்துப் புல்தரையில் பரப்பினாள். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு தாளின் மேலும் நான்கு வால்நட் காய்கள். மூன்று நாள் திருப்பித் திருப்பிப் போட்டதில் நான்காம் நாள் காலை, கட்டப்போகும் அறையின் தெற்குச் சுவர் பொருந்தி வந்தது. அகலமானவை கீழே, சமையலறை ஜன்னல்கள் மேலே, எவர் வீட்டுக் குளியலறையிலோ இருந்த பால்கண்ணாடி சந்துப் பக்கம். எட்டாம் எண்ணுக்கும் ஒன்பதாம் எண்ணுக்கும் நடுவில் மட்டும் ஒரு கை அகலம் இடைவெளி. அதற்கு ஒரு பழைய அலமாரியின் பக்கப்பலகை போதும்.

இதெல்லாம் டான்யோவுக்காக. ஜூன் மாதம், காலைக் காப்பிக்கு நடுவில், அவள் கணவர் டான்யோவின் இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேருந்து ஓட்டிய மனிதர், நாற்பது வருடம் வாய் ஓயாமல் பேசியவர். இப்போது மறுவாழ்வு மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் இருந்தார். அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். "சரி." பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி, டாக்டர் பெயர் என்ன என்றாலும் சரி.

அவர்களுடைய ஃபிளாட் நாலாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். நகருக்கு வெளியே மேட்டில் அவர்களுக்கு ஒரு தோட்டத் துண்டு உண்டு. அதில் மண்வெட்டி வைக்கிற ஒரு செங்கல் அறை. அந்த அறையோடு ஒட்டி ஒரு கண்ணாடி அறை எழுப்பிவிட்டால், படி இல்லாத தரையில், தக்காளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு டான்யோ இருக்கலாம். இது ராயினாவின் எண்ணம். தலைநகர் சோஃபியாவில் வேலை பார்க்கும் மகள் வயலெட்டாவின் எண்ணம் வேறு.

"அம்மா, பக்கத்து ஊர்ல ஒரு முதியோர் இல்லம் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு, நர்ஸ் இருக்காங்க. அப்பாகிட்டயும் கேட்டேன், சரின்னாரு."

"நானுந்தான் கேட்டேன், தோட்டத்துக்கு வரீங்களான்னு. அதுக்கும் சரின்னுதான் சொன்னாரு."

"அந்தக் கோழிக்கூட்டுக்கா?"

"கோழிக்கூடு போன மாசம். இப்ப ஜன்னல் வெச்சாச்சு."

"ஊரான் தூக்கிப்போட்ட ஜன்னல்!"

"கண்ணாடிக்குத் தெரியுமாடி அது யார் வீட்டுதுன்னு? வெளிச்சத்தை விட்டுட்டுக் குளிரை விடாம இருந்தா போதும்."

வயலெட்டா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். வெள்ளிக்கிழமை அப்பாவை மருத்துவமனையிலிருந்து அனுப்புகிறார்கள். அன்றைக்குள் அந்த அறை மூடிய அறையாக, சூடான அறையாக, நாற்காலியோடு அப்படியே உள்ளே போகிற அறையாக இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் இல்லம்தான். "நீ கீழ விழுந்தா உன்னை யாரும்மா தூக்குவா?" என்று கடைசியில் சேர்த்துக் கேட்டாள். 

ஊர் முழுக்க ஜன்னல் மாற்றிக்கொண்டிருந்தது. மரச்சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் சட்டம் வைத்தார்கள். உபயோகப்படுகிற பொருளைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் தொட்டியின் பக்கத்தில் சாய்த்து வைப்பது அங்கே ஒரு மரியாதை, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ராயினா காலையில் ரொட்டி வாங்கப் போகும் வழியை மாற்றிக்கொண்டாள், ஒரு நாளைக்கு ஒரு தெரு. சமையலறை அலமாரிக் கதவுகள் கவிழ்த்துப்போட்டால் தரையாயின. இரும்புக் கட்டிலின் தலைமாடும் கால்மாடும் சுவரோரம் கைப்பிடிக் கம்பியாயின. ஒரு பீரோக் கதவைச் சரித்துப் போட்டு, நாற்காலிச் சக்கரம் வழுக்காமலிருக்க நடைபாதைக் கம்பளத்தை அதன்மேல் ஆணியடித்தாள். யாரோ கைவிட்ட குளியல்தொட்டி கூரைத் தண்ணீரைப் பிடித்தது. விறகு அடுப்பு மட்டும் பக்கத்துத் தோட்டத்துப் பென்கோ கொடுத்தது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பென்கோவிடம் ஒரு பழைய காரும், அதற்குப் பின்னால் கட்டுகிற இழுவை வண்டியும், எதற்கும் ஒரு நக்கலும் இருந்தன.

குறை ஒன்றே ஒன்று. கண்ணாடி அறைக்கு வைக்க இருந்த ஒரே கதவு, செங்கல் அறையின் பழைய கதவு, அறுபது சென்டிமீட்டர். நாற்காலி அறுபத்தெட்டு. செவ்வாய்க்கிழமை வரை அகலக் கதவு கிடைக்கவில்லை.

புதன்கிழமை கிடைத்தது. ஸ்டேடியத்துக்குப் பின்னால், இரண்டு தொட்டிகளுக்கு நடுவில், ஒரு வீட்டு முன்கதவு சாய்ந்து நின்றது. ராயினா கழுத்தில் எப்போதும் தொங்கும் துணி டேப்பை எடுத்து வைத்தாள். தொண்ணூறு. கெட்டி மரம். கீல்கூட கூடவே இருந்தது. அங்கேயே நின்று பென்கோவுக்கு ஃபோன் போட்டாள்; யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்கக் கதவைப் பிடித்தபடியே முக்கால் மணி நேரம் காவல் நின்றாள்.

பென்கோ வந்து கதவைத் திருப்பினார். அப்படியே கையை எடுத்துவிட்டார்.

"ராயினா. இங்க பாரு."

சுவரோடு சாய்ந்திருந்த பக்கத்தில் ஓர் இரங்கல் தாள். கறுப்புக் கரை, நடுவில் படம், கீழே எழுத்து: எலிசவேத்தா, எழுபத்தாறு வயது, நீ இல்லாத ஆறு மாதம். மேல்மூலையில் வெளுத்துப்போன கறுப்பு ரிப்பன் முடிச்சு.

அந்த ஊரில் சாவு விழுந்தால் வீட்டுக் கதவில் தாள் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருடத்துக்கு ஒன்று. ஒட்டுவதற்கு ஆள் உண்டு. கிழிப்பதற்கு யாரும் கிடையாது. வெயிலும் மழையும் தானாகக் கொண்டுபோகும்.

"விட்டுடும்மா. பொணம் போன கதவு."

"எல்லாக் கதவு வழியாவும் ஒரு நாள் யாராவது போயிருப்பாங்க, அண்ணே."

"போயிருப்பாங்க. ஆனா நோட்டீஸ் ஒட்டிட்டு இருக்க மாட்டாங்க. சீக்காளியை இது வழியா உள்ள கொண்டு போறேங்குற. டான்யோ பாத்தா என்ன சொல்லுவான்?"

"சரிம்பாரு."

பென்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். "கதவு சீக்கிரம் சாத்திக்கணும், சூடு வெளிய போயிடக் கூடாதுன்னு பூனை வாலை வெட்டுன கஞ்ச ஊருன்னு நம்மளை நாட்டுல எல்லாரும் கேலி பண்றாங்க. நீ வாலை வெட்டுனவங்களையும் மிஞ்சிட்ட. செத்தவகிட்டேர்ந்தே கதவை வாங்கிட்ட. தூக்கு, அந்தப் பக்கம் பிடி."

தோட்டத்துக்குக் கொண்டுபோய், சுடுநீரும் கத்தியுமாகத் தாளின் முன் உட்கார்ந்தாள். எலிசவேத்தா காலரில் ஒரு புரோச் குத்தியிருந்தாள். படம் எடுப்பவன் சொன்னதற்காகக் கொஞ்சம் சிரித்த முகம். கத்தியை மூலையில் வைத்தாள், எடுத்தாள். இன்னொரு மூலையில் வைத்தாள். தன் கண்ணெதிரில் டான்யோ வாய் கோணிக் கிடந்த காலை நினைவுக்கு வந்தது. யாருடைய முகத்தையும் சுரண்டுகிற நிலையில் அவள் இல்லை.

ஆனால் திருப்பிப் போடுகிற முறை தெரிந்தவள். தாள் இருக்கிற பக்கத்தை உள்பக்கமாக மாட்டினால் சந்தில் போகிறவர் கண்ணில் படாது. உள்ளே அதன்மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டால் டான்யோ கண்ணிலும் படாது. கதவை வெளிப்புறம் திறக்கும்படி வைத்தாள். உள்ளே நாற்காலி திரும்புவதற்கு இடம் வேண்டுமே. எல்லாவற்றையும் கணக்காக யோசித்திருந்தாள். காலண்டர் ஃபிளாட்டில் இருந்தது, நாளைக்கு எடுத்துவரலாம் என்று விட்டாள்.

வியாழக்கிழமை உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தாள். வாடை போகவேண்டும் என்று கதவை அகலத் திறந்து, ஆடாமலிருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, மெத்தையும் காலண்டரும் கொண்டுவரப் பேருந்தில் நகருக்குப் போனாள். அவசரத்தில் ஃபோனை ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டாள்.

வெளிப்புறம் திறக்கிற கதவை அகலத் திறந்துவைத்தால், அதன் உள்பக்கம் முழுசாகச் சந்துப் பக்கம் திரும்பிவிடும். இத்தனை யோசித்தவளுக்கு அது மட்டும் தோன்றவில்லை.

அந்தி சாயும் நேரத்தில் மெத்தைச் சுருளோடு திரும்பியபோது ஃபோனில் பதினேழு அழைப்புகள். பதினாறு வயலெட்டாவுடையவை.

"எங்கம்மா போன?" குரல் கரகரத்திருந்தது.

"மெத்தை எடுக்க. என்னடி ஆச்சு?"

"சான்கா அத்தை ஃபோன் பண்ணினாங்க. கடவுள் உங்கப்பாவை மன்னிக்கட்டும், எப்ப எடுக்கறீங்கன்னு கேட்டாங்க."

ராயினா மெத்தைமேல் உட்கார்ந்துவிட்டாள். சான்கா, சந்தின் கடைசித் தோட்டத்துக்காரி. கண்புரை. கறுப்புக் கரையைப் பார்த்திருக்கிறாள், பெயரைப் படிக்கும் தூரத்தில் இல்லை. படிக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த வீட்டில் சீக்காளி ஒருவர்தான்.

"உனக்கு ஃபோன் போட்டா எடுக்கல. ஆஸ்பத்திரியில லைன் கிடைக்கல. இருபது நிமிஷம்மா. இருபது நிமிஷம் எனக்கு அப்பா இல்ல." வயலெட்டா மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் நர்ஸ் சொன்னாங்க, தயிர் சாப்பிட்டுட்டு இருக்காருன்னு."

ராயினா கதவு வந்த கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது ஒரு மாதிரியாகக் கேட்டது.

"போதும்மா. குப்பைத்தொட்டியிலேர்ந்து இரங்கல் தாளோட கதவு. நாளைக்கு என்ன கொண்டு வருவ, சவப்பெட்டியா? பலகை நல்லா இருக்கும்ப. இல்லத்துல ரூம் சொல்லிட்டேன். காலைல அப்பாவை நேரா அங்க கூட்டிட்டுப் போறேன்."

"போற வழிதானே, வயலெட்டா. இங்க நிறுத்தி ஒரு தடவை காட்டிட்டுப் போ."

மறுமுனையில் வயலெட்டா மூக்கைத் துடைப்பது கேட்டது.

"பத்து நிமிஷம். கார்லேர்ந்து இறக்க மாட்டேன்."

ராயினா காலண்டரைத் தாளின்மேல் ஆணியடித்து மாட்டினாள். அக்டோபர் மாதத்துக்கு ஒரு மலைமடத்தின் படம் போட்டிருந்தது.

மறுநாள் பத்தரை மணிக்கே அடுப்பை மூட்டினாள். பதினோரு மணி சுமாருக்கு மேட்டில் கார் ஏறும் சத்தம் கேட்டது. அதே நேரம் சந்தின் மறுமுனையிலிருந்து சான்கா வந்துகொண்டிருந்தாள். கறுப்பு உடுப்பு, தலையில் கறுப்புத் துணி, ஒரு கையில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும், சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை டப்பா, இன்னொரு கையில் நான்கு சிவப்புக் கார்னேஷன் பூ. பின்னால் பென்கோ மூச்சு வாங்க ஓடிவந்தார். முந்தின நாள் முழுக்க அவர் மகன் வீட்டில் இருந்திருக்கிறார். விஷயம் இப்போதுதான் காதில் விழுந்தது.

"சான்கா! நில்லு! அவன் சாகலை!"

"அடப்பாவி, சாவு வீட்டுலயும் உன் நக்கலா? நான் என் கண்ணால தாளைப் பாத்தேன்."

"உன் கண்ணாலயா! போன வாரம் என்னோட ஆட்டைப் பாத்து வணக்கம் சொன்ன கண்ணு!"

கார் வேலியோரம் நின்றது. ஓட்டிவந்த வயலெட்டாவுக்கு வலப்பக்கம், முன் இருக்கையில் டான்யோ, சவரம் செய்த முகத்தோடு, பட்டன் மாறிப் போட்ட கோட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இறங்கியிருந்தது.

"அதோ பாரு," என்றார் பென்கோ. "நீயே அவன்கிட்ட கேட்டுக்க."

சான்கா குனிந்து பார்த்தாள். இன்னும் குனிந்தாள். கையிலிருந்து நழுவப்பார்த்த கோதுமை டப்பாவை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "கடவுளே. டான்யோ. நீயா?"

"சரி," என்றார் டான்யோ.

சான்கா அழத் தொடங்கினாள். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த பூவை அப்படியே ஜன்னல் வழியாக அவர் மடியில் திணித்தாள். வயலெட்டாவின் முகம் இறுகியது. உயிரோடு இருக்கிறவருக்கு ஒற்றைப்படைப் பூ, போனவருக்கு இரட்டைப்படை. பூக்கடை வாசலில் நிற்கிற சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

"எடுத்துக்கங்க அத்தை, ப்ளீஸ். எல்லாரும் பாத்தாச்சு. அம்மா, நீ கார்ல ஏறு, போலாம்."

ராயினா அசையவில்லை. அவள் டான்யோவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கை, வலது கை. அது பூத்தண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அங்கே நின்றது. பிறகு ஒரு பூவை மட்டும் இரண்டு விரலால் பிரித்தெடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, விட்டது. பூ புல்லில் விழுந்தது. மிச்சம் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு டான்யோ அதே கையால் கார் கதவின் பிடியைத் தேடினார்.

பென்கோ தொப்பியைக் கழற்றினார். ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"கை நழுவிடுச்சு," என்றாள் வயலெட்டா.

"அது வலது கைடி. நழுவாது."

"அப்பா, இல்லத்துக்குப் போலாமா?"

"சரி." கை இன்னும் பிடியைத் தேடிக்கொண்டிருந்தது.

"இங்க இருக்கியாப்பா?"

"சரி." பிடி கிடைத்துவிட்டது. கதவு ஒரு விரல் திறந்தது.

வயலெட்டா ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து நாற்காலியை எடுத்தாள். முகம் மட்டும் சம்மதிக்கவில்லை.

பீரோக் கதவுச் சரிவில் நாற்காலி ஏறியது. கம்பளம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. தொண்ணூறில் அறுபத்தெட்டு, பக்கத்துக்குப் பதினொன்று. ராயினா அளந்ததுதான், ஆனாலும் தாண்டுகிற வரை மூச்சு விடவில்லை. உள்ளே பதினான்கு ஜன்னலின் வெயிலும் அவர்மேல் விழுந்தது. டான்யோ கட்டில் கம்பியை எட்டிப் பிடித்தார். அசைத்துப் பார்த்தார். அது ஆடவில்லை.

வயலெட்டா தாயின் மகள்தான். உதட்டைக் கடித்தபடி அறையைச் சோதித்தாள். அடுப்பின் பக்கம் கையை நீட்டிப் பார்த்தாள், தரையை மிதித்துப் பார்த்தாள். பையிலிருந்து லைட்டரை எடுத்து ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்திலும் சுடரைப் பிடித்துக்கொண்டே போனாள். ஏழு ஜன்னலில் சுடர் நேராக நின்றது. எட்டாவதில் படுத்துவிட்டது.

"பாத்தியா?"

"பலகை காஞ்சு சுருங்கியிருக்கு. கம்பளித்துணி வெச்சு அடைச்சிடுவேன்."

"ஜனவரியில?"

ராயினா எட்டாம் சட்டத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஜனவரியில் அந்த மேட்டில் காற்று எப்படி அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ராத்திரி இரண்டு தடவை எழுந்து விறகு போடவேண்டும். சரிவில் பனி உறைந்தால் கம்பளமும் வழுக்கும். டான்யோவைத் தூக்கும்போது அவளுடைய இடுப்பு ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். எதையும் அவள் யோசிக்காமல் இல்லை. கதவு எந்தப் பக்கம் திறந்தால் எந்தப் பக்கம் தெரியும் என்பதையும் யோசித்ததாகத்தான் நினைத்திருந்தாள். அதுதான் இப்போது அவளை உறுத்தியது. இன்னும் எதை விட்டிருக்கிறோமோ?

வயலெட்டா வெளியே போய்ப் பேசினாள். கண்ணாடி வழியாக அவள் வாய் அசைவது தெரிந்தது. திரும்பி வந்தபோது குரலை இறக்கிச் சொன்னாள்: "ரூமை விடல. காத்திருக்கச் சொல்லியிருக்கேன். முதல் உறைபனி வரைக்கும். நான் சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன், லைட்டரோட."

"வா."

"சிரிக்காதம்மா."

"நான் எங்கடி சிரிச்சேன்."

எல்லோரும் போனார்கள். சான்கா கோதுமையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போவது நல்லதல்ல என்றாள், வைப்பதும் நல்லதல்ல என்றாள். கடைசியில் பென்கோ உட்கார்ந்து அதில் பாதியைத் தின்றுவிட்டுப் போனார். டான்யோ வெயிலில் தூங்கிப்போனார். மூன்று பூவும் ஊறுகாய் பாட்டிலில் தண்ணீரோடு அவர் தலைமாட்டில் இருந்தன.

ராயினா வெளியே வந்து புல்லில் கிடந்த நான்காவது பூவை எடுத்தாள். வேலியோரம் சாமந்தி மொட்டு விட்டிருந்தது. அதில் முதலாக மலர்ந்த ஒன்றைக் கிள்ளினாள். இப்போது இரண்டு. உள்ளே வந்து, கதவைத் தன் பக்கம் இழுத்து முழுசாகச் சாத்தி, தாழிட்டபின்தான் காலண்டரைத் தூக்கினாள். எலிசவேத்தா அதே கொஞ்சம் சிரிப்போடு இருந்தாள். இரண்டு பூவையும் பழைய ரிப்பன் முடிச்சில் செருகி, காலண்டரை மறுபடி இறக்கிவிட்டாள். மலைமடத்தின் படம் பூவின்மேல் கொஞ்சம் புடைத்து நின்றது.

பிறகு எட்டாம் ஜன்னலடியில் மண்டியிட்டு, கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, இடைவெளியை அளந்தாள். செய்தித்தாளில் முதலில் வெட்டிப் பார்த்தாள். பின்னால் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது.

"குளிருதா?" என்றாள் திரும்பாமல்.

"சரி."

அவள் எழுந்து போய் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள்.